மின்சாரக் கணக்கும் உழவர் குடியும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று இவ்வவையின்கண் யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மின்சாரக் கணக்கு என்பதாகும். தமிழ் கற்பிக்கும் ஒருவன் மின்சாரத்தைப் பற்றிப் பேசப் புகுந்தது உங்களுட் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். ஒரு பொருளை அளந்தறிதலும், அறிந்ததனை ஐயமற விளங்கிய சொல்லால் உரைத்தலும் மொழியாசிரியன் கடமையே ஆகலின், இதனைப் புறம்பானதோர் முயற்சி எனக் கருதாது செவிசாய்க்க வேண்டுகின்றேன்.

நம் மரபினருட் பெரும்பாலார் உழவர். கூடலூர் முதல் தேனி வரையிற் பரந்து கிடக்கும் இப்பள்ளத்தாக்கில் நெல்லும், வாழையும், தென்னையும், திராட்சையும் பயிரிட்டு வாழ்பவர். நம் பாட்டன்மார் ஏற்றமிட்டும் கவலை பூட்டியும் நீரிறைத்தனர். எருது களைத்ததனை அவர்கள் கண்ணாற் கண்டனர்; கயிறு தேய்ந்ததனைக் கையாற் தடவி உணர்ந்தனர். ஆதலின் எருதுக்கு ஓய்வும் கயிற்றுக்கு மாற்றும் வேண்டிய காலத்திற் கொடுத்தனர். இன்று நமக்கு நீரிறைப்பது மின்சாரம். அது களைப்பதும் கண்ணுக்குப் புலனாவதில்லை. அதன் கயிறாகிய கம்பி தேய்வதும் கைக்குப் புலனாவதில்லை. மோட்டாரிற் புகை எழுந்த பின்னரே, “காயில் போய்விட்டது” என்று அறிகின்றோம். காயில் கட்டுவதற்கு ஒரு செலவு. கட்டி வருமளவும் பயிர் வாடுவதால் ஒரு நட்டம். அவ்விரண்டிற்குமாக வாங்கிய கடனுக்கு வட்டி மற்றொன்று. இவற்றுட் பெரும்பகுதி ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலும் அறியாமையால் வருவதென்று யான் துணிந்து கூறுவேன். அவ்விரண்டினையும் விளக்குவதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

அளவைகள் நான்கு

மின்சாரத்தை அளப்பதற்குரிய அளவைகள் பல. அவற்றுள் நமக்கு இன்றியமையாதன நான்கு: அழுத்தம், ஓட்டம், தடை, திறன் என்பன. இவை நான்கும் தூய தமிழ்ச் சொற்கள். கேட்ட அளவிலேயே பொருள் விளங்குவன. அறிவியலைத் தமிழிற் சொல்லலாகுமோ என்ற ஐயம் ஒரு காலத்தில் நிலவியது. அதனை நீக்கும் பொருட்டு 1916 ஆம் ஆண்டிலேயே சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலியோர் கலைச்சொல் ஆக்குவதற்கென ஒரு கழகங் கண்டனர். அவர் போன்றார் உழைப்பின் பயனாக இன்று நம் பிள்ளைகள் மின்னழுத்தம் என்றும் மின்தடை என்றும் பள்ளிகளில் இயல்பாகப் பயில்கின்றனர்.

இந்நான்கும் யாவை என்பதனை நம் நாட்டு நீரைக் கொண்டே விளக்குவேன். பென்னிகுக்கு அவர்கள் பெரியாற்றின் குறுக்கே கட்டிய அணை 1895 ஆம் ஆண்டிற் பயன்பாட்டுக்கு வந்தது. மேற்கு நோக்கிச் சென்ற நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே நம் பள்ளத்தாக்கில் இறங்கியது. அந்நீரை இரும்புக் குழாய்களின் வழியே லோயர் கேம்ப்புக்கு இறக்கி மின்சாரம் ஆக்குதல் 1958 ஆம் ஆண்டிற் தொடங்கிற்று. குமுளி மலைப்பாதையிற் செல்வோர் அக்குழாய்கள் மலைச்சரிவிற் கிடக்கக் காண்பர்.

அக்குழாயில் நீர் எவ்வளவு உயரத்தினின்று இறங்குகின்றது என்பது ஒன்று. அவ்வுயரமே நீரைத் தள்ளும் விசை. மின்சாரத்தில் அதற்கு ஒப்பானது அழுத்தம். அதன் அளவு வோல்ட்டு. ஒரு நொடியில் எவ்வளவு நீர் செல்கின்றது என்பது மற்றொன்று. மின்சாரத்தில் அதற்கு ஒப்பானது ஓட்டம். அதன் அளவு ஆம்பியர். குழாய் குறுகியதாயின், அல்லது நெடுந்தொலைவு செல்வதாயின், நீர் எளிதிற் செல்லாது தடைப்படும். அதற்கு ஒப்பானது தடை. அதன் அளவு ஓம். இறங்கிய நீர் சக்கரத்தைச் சுழற்றி ஒரு நொடியிற் செய்யும் வேலையே திறன். அதன் அளவு வாட்டு. ஆயிரம் வாட்டு ஒரு கிலோவாட். பத்து இலட்சம் வாட்டு ஒரு மெகாவாட்.

இவற்றுள் திறன் என்பது தனித்து நிற்பதன்று. உயரமும் அளவும் கூடிப் பிறப்பது. இதற்கு நம் பள்ளத்தாக்கினும் சிறந்த சான்று வேறில்லை. லோயர் கேம்ப் நிலையத்தில் முதலில் நிறுவப்பெற்ற நான்கு பொறிகளும் ஒவ்வொன்றும் 35 மெகாவாட் திறன் உடையனவாய் இருந்தன. பிற்காலத்திற் புதுப்பிக்கப்பெற்றுத் திறன் உயர்ந்தன. 1978 ஆம் ஆண்டில் அமைந்த சுருளியாற்று மின்நிலையத்திலோ பொறி ஒன்றே. அதன் திறனும் 35 மெகாவாட். பெரியாற்றுக் குழாயிற் பாயும் நீரை நோக்கச் சுருளியாற்றில் இறங்கும் நீர் சிறிது. ஆயினும் அது மிக உயர்ந்த மலையினின்று இறங்குகின்றது. மிகுந்த நீரும் குறைந்த உயரமும் பெருக்கிய தொகையும், குறைந்த நீரும் மிகுந்த உயரமும் பெருக்கிய தொகையும் ஒன்றாயின. மின்சாரத்திலும் இவ்வாறே அழுத்தமும் ஓட்டமும் பெருகித் திறனாகும்.

இரண்டு சூத்திரங்கள்

இனிக் கணக்கிற்கு வருவோம். மனப்பாடம் செய்ய வேண்டுவன இரண்டே. ஒன்று: அழுத்தத்தை ஓட்டத்தால் வகுப்பின் தடை. மற்றொன்று: அழுத்தத்தை ஓட்டத்தாற் பெருக்கின் திறன். வகுத்தால் தடை, பெருக்கினால் திறன் என்று சிறுவர் சொல்லிச் சொல்லிப் பழகுவாராக.

ஒரு சலவைப்பெட்டியை எடுத்துக்கொள்வோம். வீட்டு மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட்டு. பெட்டியிற் செல்லும் ஓட்டம் 4.35 ஆம்பியர் எனக் கருவி காட்டுகின்றது. 230 ஐ 4.35 ஆல் வகுக்க 52.9 வரும், அதுவே அதன் தடை, 52.9 ஓம். 230 ஐ 4.35 ஆற் பெருக்க ஏறத்தாழ 1000 வரும். அதுவே அதன் திறன், 1000 வாட்டு. அளந்தவை இரண்டு; அறிந்தவை நான்கு. இதுவே இக்கணக்கின் அருமை.

இவ்விரண்டு சூத்திரங்களையும் இணைப்பின் வேறு இரண்டு பிறக்கும். ஓட்டத்தை ஓட்டத்தாற் பெருக்கி அதனைத் தடையாற் பெருக்கினும் திறனே வரும். அழுத்தத்தை அழுத்தத்தாற் பெருக்கி அதனைத் தடையால் வகுப்பினும் திறனே வரும். இப்பின்னிரண்டும் முன்னவற்றின் பிள்ளைகள். எனினும் நம் மோட்டார்களின் உயிரைக் காப்பவை இப்பிள்ளைகளே என்பதனைச் சிறிது நேரத்திற் காண்பீர்கள்.

இவற்றுள் முதற் சூத்திரத்தைக் கண்டவர் ஜெர்மானிய நாட்டு ஓம் என்பவர். அவர் 1789 இல் பூட்டுத் தொழிலாளி ஒருவர்க்கு மகனாகப் பிறந்தார். தந்தையார் பள்ளிப் பயிற்சியின்றித் தாமே கற்றவர். தாம் கற்றதனைத் தம் மைந்தர்க்குத் தாமே கற்பித்தவர். மைந்தர் பள்ளியாசிரியராய்க் கணிதமும் இயற்பியலும் கற்பித்துக்கொண்டே, பள்ளிக்கூடத்து ஆய்வறையில் வெவ்வேறு நீளமும் பருமனும் உள்ள கம்பிகளில் மின்சாரத்தைச் செலுத்தி அளந்தார். 1827 இல் தம் முடிபுகளை நூலாக வெளியிட்டார். அக்காலத்து அறிஞருட் பலர் அதனை மதித்திலர். பின்னர், 1841 ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் சங்கம் காப்ளி பதக்கம் அளித்து அவரைச் சிறப்பித்தது. 1881 இல் பாரிசு நகரிற் கூடிய உலக மின்னியலார் பேரவை தடையின் அளவைக்கு அவர் பெயரையே இட்டு வழங்கியது. பூட்டுத் தொழிலாளி மகன் பெயர் இன்று உலகின் எல்லா மொழிகளிலும் ஒலிக்கின்றது. தந்தை கற்பித்தாற் பிள்ளை எங்குச் சென்று சேரும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? நம் சங்கத்துப் பெற்றோர் இதனை உளங்கொள்வாராக.

கம்பியின் கதை

இனி, உழவர் செய்தி. ஒருமுனை மின்சாரத்தில் ஓடும் ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒன்று. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட்டு. அம்மோட்டார் ஏறத்தாழ 6 ஆம்பியர் ஓட்டம் எடுப்பதாகக் கொள்வோம். கிணறு ஆற்றோரத்தில்; மின்கம்பத்தினின்று 200 மீட்டர்த் தொலைவு. மின்சாரம் போவதற்கு 200 மீட்டரும் மீள்வதற்கு 200 மீட்டரும் ஆகக் கம்பியின் நீளம் 400 மீட்டர். பலரும் இவ்விடத்திற் போவதனை மட்டும் எண்ணி மீள்வதனை மறப்பர்.

விலை குறைவென்று கருதி ஒருவர் 1.5 சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செம்புக் கம்பியை வாங்கி இழுத்தார் என்க. அப்பருமனுள்ள கம்பியின் தடை ஆயிரம் மீட்டருக்கு 12.1 ஓம். ஆகவே 400 மீட்டருக்கு 4.84 ஓம். இதில் 6 ஆம்பியர் சென்றால், 6 ஐ 4.84 ஆற் பெருக்க 29 வோல்ட்டு கம்பியிலேயே வீழ்ந்துவிடும். கம்பத்தில் 220 வோல்ட்டு இருப்பினும் மோட்டாருக்குச் சென்று சேர்வது 191 வோல்ட்டே. கம்பியில் வீணாகும் திறன் எவ்வளவு? 6 ஐ 6 ஆற் பெருக்க 36, அதனை 4.84 ஆற் பெருக்க 174 வாட்டு. அஃதாவது, நாளொன்றுக்கு ஆறு மணிநேரம் மோட்டார் ஓடின், ஒரு யூனிட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் ஒரு சொட்டு நீரும் இறைக்காமற் கம்பியைச் சூடாக்குவதற்கே செலவாகின்றது.

அக்கம்பிக்கு மாறாக 4 சதுர மில்லிமீட்டர்க் கம்பியை இழுத்திருப்பின், தடை ஆயிரம் மீட்டருக்கு 4.61 ஓம், 400 மீட்டருக்கு 1.84 ஓம். வீழும் அழுத்தம் 11 வோல்ட்டு. வீணாகும் திறன் 66 வாட்டு. மோட்டாருக்கு 209 வோல்ட்டு கிடைக்கும்.

முதற்கூறிய உழவர் நீர் குறைவாக வருவதனைக் கண்டு என் செய்கின்றார்? கம்பியை நோக்குவதில்லை, “மோட்டார் சிறிது, பெரிது வாங்குவோம்” என்று கடன்பட்டு இரண்டு குதிரைத்திறன் மோட்டாரை வாங்கி அதே கம்பியில் இணைக்கின்றார். ஓட்டம் 6 ஆம்பியர் 12 ஆகின்றது. வீழும் அழுத்தம் 58 வோல்ட்டு. மோட்டாருக்கு எஞ்சுவது 162 வோல்ட்டு. வீணாவதோ, 12 ஐ 12 ஆற் பெருக்கி 4.84 ஆற் பெருக்க, 697 வாட்டு! ஓட்டம் இருமடங்காக, இழப்பு நான்கு மடங்காயிற்று. ஏறத்தாழ ஒரு குதிரைத்திறன் கம்பியிலேயே எரிகின்றது. புதிதாக வாங்கிய குதிரை வயலுக்கு வாராமல் வழியிலேயே மாண்டதென்க. கடன் மோட்டாருக்கு வாங்கப்பட்டது. செலவோ கம்பிக்குச் செய்திருக்க வேண்டியது.

இதனினும் கொடியது மோட்டார் கிளம்பும் நேரத்து நிலை. கிளம்பும்போது மோட்டார் தன் இயல்பான ஓட்டத்தைப் போல் ஐந்து ஆறு மடங்கு கேட்கும். 6 ஆம்பியர் மோட்டார் 30 ஆம்பியர் கேட்குமாயின், 4.84 ஓம் தடையுள்ள கம்பியில் அவ்வளவும் செல்வதற்கு 145 வோல்ட்டு கம்பிக்கே வேண்டும். அவ்வாறு செல்லாது, ஓட்டமும் குறையும், மோட்டாரை அடையும் அழுத்தமும் குறையும். மோட்டாரின் சுழற்று விசையோ அழுத்தத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவது. அழுத்தம் பாதியாயின் விசை காலாகும். ஆகலின் மோட்டார் சுழலமாட்டாது உறுமிக்கொண்டு நிற்கும். அவ்வாறு நிற்கும் ஒவ்வொரு நொடியும் மிகுந்த ஓட்டம் அதன் காயிலில் ஏறிக் கொதிக்கச் செய்யும். உறுமும் மோட்டாரை உடனே நிறுத்துக. மீண்டும் மீண்டும் சுவிட்சைத் தட்டுதல், களைத்து வீழ்ந்த எருதைச் சாட்டையால் அடிப்பதனை ஒக்கும்.

ஒரு நுணுக்கம்

இவ்விடத்து ஓர் ஐயம் எழும். சலவைப்பெட்டிக்குச் சொன்ன கணக்கு மோட்டாருக்கும் அப்படியே பொருந்துமோ என்பது அது. பொருந்தாது. நம் வீடுகளுக்கு வருவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். மோட்டாரின் காயில் காந்தமாகித் தன்வழி வரும் ஓட்டத்தைத் தானே எதிர்க்கும். ஆதலின் 230 ஐ 6 ஆல் வகுத்து வரும் 38 ஓம், காயிலின் வெறுந்தடை அன்று. மோட்டார் ஓடும்போது காட்டும் மொத்த எதிர்ப்பு. மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கருவியால் அளப்பின் காயிலின் தடை அதனினும் மிகக் குறைவாகவே காட்டும். அதனைக் கண்டு காயில் பழுதென்று முடிவு செய்தலாகாது.

திறனுக்கும் இவ்வாறே ஒரு திருத்தம் உண்டு. 230 ஐ 6 ஆற் பெருக்க 1380 வரும். மோட்டாருக்கு இதனைத் திறன் காரணி என்னும் எண்ணாற் பெருக்குதல் வேண்டும், அது 0.8 எனக் கொண்டால் 1104 வாட்டு. மோட்டார் தண்டிற் கிடைப்பது 746 வாட்டு. எஞ்சியது சூடாகவும் உராய்வாகவும் போம். மும்முனை மோட்டாராயின் 415 வோல்ட்டை ஓட்டத்தாற் பெருக்கி, அதனை 1.732 ஆலும், திறன் காரணியாலும் பெருக்குக. ஐந்து குதிரைத்திறன் மோட்டார், நூற்றுக்கு எண்பது பங்கு பயன்தருவதாயின், ஏறத்தாழ 8 ஆம்பியர் எடுக்கும். உங்கள் தோட்டத்து மோட்டார் இவ்வளவே நீர் இறைத்துக்கொண்டு மிகுதியான ஆம்பியர் எடுக்கின்றதாயின், அது எரிவதற்கு முன்னரே நோயைச் சொல்லிவிட்டது என்று அறிக.

பழைய இழைக் குமிழ் விளக்கிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 60 வாட்டு விளக்கின் தடை எரியும்போது 882 ஓம். அணைந்து குளிர்ந்தபின் அளப்பின் அதிற் பத்தில் ஒரு பங்கும் இராது. சூடேற ஏற உலோகத்தின் தடை மிகும் என்பதே காரணம். சுவிட்சைப் போட்ட நொடியிலேயே அத்தகைய விளக்குகள் பெரும்பாலும் இழை அறுந்து போனதற்கும் இதுவே காரணம்.

இல்லத்துக் கணக்கு

அன்னைமார்களே! மாலையில் அழுத்தம் குறையும்போது அடுப்பு சூடேறவில்லை என்கின்றீர்கள். எவ்வளவு குறைகின்றது என்று கணிப்போம். 1000 வாட்டு மின்னடுப்பின் தடை 52.9 ஓம். அழுத்தம் 230 இனின்று 180 ஆகக் குறைந்தது. 180 ஐ 180 ஆற் பெருக்க 32,400; அதனை 52.9 ஆல் வகுக்க 612 வாட்டு. அழுத்தம் நூற்றுக்கு 22 பங்கே குறைந்தது; வெப்பமோ நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. ஆகலின் குற்றம் அடுப்பினிடத்தும் இல்லை. அடுப்பை விற்றவனிடத்தும் இல்லை.

கட்டணக் கணக்கும் எளிதே. திறனை மணிநேரத்தாற் பெருக்கி ஆயிரத்தால் வகுப்பின் யூனிட்டு. 60 வாட்டுக் குமிழ் விளக்கு நாள்தோறும் ஐந்து மணிநேரம் இரண்டு மாதம் எரிந்தால் 18 யூனிட்டு. ஏறத்தாழ அவ்வொளியே தரும் 9 வாட்டு எல்.இ.டி. விளக்கு 2.7 யூனிட்டு. இக்கணக்கை எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்யும். செய்யச் சொல்லுங்கள்.

தொலைவிலுள்ள ஊர்களுக்கு மின்சாரத்தை ஏன் அச்சம் தரும் உயர் அழுத்தத்திற் கொண்டு செல்கின்றனர் என்று இளைஞர் வினவுவது உண்டு. லோயர் கேம்ப்பின் ஒரு பொறி முதலில் தந்த 35 மெகாவாட்டையும் மும்முனை நுணுக்கத்தை ஒதுக்கிக் கணிப்போம். 230 வோல்ட்டில் அனுப்பின் ஓட்டம் 1,52,174 ஆம்பியர். அதனைத் தாங்கும் கம்பி இவ்வுலகில் யார் இழுப்பார்? 1,10,000 வோல்ட்டில் அனுப்பின் ஓட்டம் 318 ஆம்பியர் மட்டுமே. ஓட்டம் 478 இல் ஒரு பங்காகக் குறைய, அதே கம்பியில் இழப்பு ஏறத்தாழ 2,28,000 இல் ஒரு பங்காகக் குறையும். ஓட்டத்தின் வர்க்கம் என்ற சொல்லின் வலிமை இது. இவ்வாறு ஓட்டத்தின் வர்க்கத்தால் வெப்பம் பிறப்பதனை 1840 ஆம் ஆண்டளவிற் கண்டறிந்தவர் மதுவடிப்போர் குடும்பத்திற் பிறந்த ஜூல் என்னும் ஆங்கிலேயர்.

உயிர்க் கணக்கு

இதுவரை பணத்தைப் பற்றிய கணக்கைச் சொன்னேன். இனிச் சொல்வது உயிரைப் பற்றியது. இதனை மட்டுமேனும் மறவாதிருக்க வேண்டுகின்றேன்.

நம் உடலும் ஒரு தடையே. உலர்ந்த தோலின் தடை பல்லாயிரம் ஓம் இருக்கும். 20,000 ஓம் எனக் கொண்டால், 230 ஐ அதனால் வகுக்க 11.5 மில்லி ஆம்பியர். ஆயிரம் மில்லி ஆம்பியர் ஓர் ஆம்பியர். 10 முதல் 20 மில்லி ஆம்பியர் அளவிலேயே பற்றிய கை விடமாட்டாது இறுகும். தோல் நனைந்தாலோ உடலின் தடை ஏறத்தாழ 1000 ஓம் ஆகிவிடும். அப்பொழுது ஓட்டம் 230 மில்லி ஆம்பியர். 30 மில்லி ஆம்பியருக்கு மேற்பட்ட ஓட்டமே சிறிது நேரம் நீடிப்பின் நெஞ்சத் துடிப்பைக் குலைத்து உயிர் கொள்ள வல்லது. மின்சாரம் மாறவில்லை, அழுத்தம் மாறவில்லை, நீர் ஒன்றே மாறியது. வாய்க்காலில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடுபவர் இவ்வகுத்தலை நினைவிற் கொள்வாராக.

நில இணைப்பாகிய எர்த்தும் இக்கணக்கிற்கு உட்பட்டதே. மோட்டாரின் உட்கம்பி பழுதாகி அதன் இரும்பு உடலில் மின்சாரம் கசிந்தது என்க. நில இணைப்பின் தடை 5 ஓம் ஆயின், 230 ஐ 5 ஆல் வகுக்க 46 ஆம்பியர் நிலத்துக்குப் பாயும், 10 ஆம்பியர் பியூஸ் உடனே அறுந்து மின்சாரம் நிற்கும், தொட்டவன் பிழைப்பான். கோடையில் எர்த் குழி வறண்டு, கம்பி துருவேறி, தடை 100 ஓம் ஆயிற்று என்க. அப்பொழுது 2.3 ஆம்பியரே பாயும், பியூஸ் அறாது, மோட்டாரும் ஓடிக்கொண்டிருக்கும், இரும்பு உடலில் கொல்லும் மின்சாரம் குடியிருக்கும். தோட்டக்காரர் காலையில் ஈரக்கையால் தொடுவார். “நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது” என்று அழுவதனாற் பயன் யாது?

ஆகலின் எர்த் குழியில் உப்பும் கரியும் இட்டு, கோடையில் நாள்தோறும் ஒரு குடம் நீர் ஊற்றுக. பியூஸ் போன இடத்தில் தடித்த கம்பியைச் சுற்றாதிருக்க. ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுக் காப்புக் கருவியை வீட்டிலும் மோட்டார் அறையிலும் பொருத்துக. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தை நிறுத்தும் வகையே உயிர்காப்புக்கு உரியது. மேற்சொன்ன 2.3 ஆம்பியர்க் கசிவைப் பியூஸ் உணராது; இக்கருவி நொடியில் உணரும். ஒரு திருமணத்தில் வாழைமரத்துக்கும் தோரணத்துக்கும் ஆகும் செலவில் ஒரு குடும்பத்தின் உயிர்க்குக் காவல் வாங்கலாம்.

சங்கத்தார்க்கு விண்ணப்பம்

1990 ஆம் ஆண்டிற் தமிழ்நாட்டு உழவர்க்குக் கட்டணமின்றி மின்சாரம் வழங்கும் திட்டம் வந்தது. அது பெரும் நன்மை, மறுப்பாரில்லை. ஆயின், விலை கொடாத பொருளை அளக்க வேண்டுவதில்லை என்றதொரு சோர்வும் உடன் வந்தது. மின்சாரத்துக்கு விலை கொடுத்திலேம். மோட்டாருக்கும், காயிலுக்கும், வட்டிக்கும், சிலவிடத்து உயிருக்கும் விலை கொடுத்துக்கொண்டிருக்கின்றோம். அளவாமையே அவ்விலைக்குக் காரணம்.

எனவே, இச்சங்கத்தார் திருமுன் மூன்று விண்ணப்பங்களை வைக்கின்றேன்.

முதலாவது: சங்கத்து நூலகத்தில் கிளாம்ப் மீட்டர் ஒன்றும் மல்டிமீட்டர் ஒன்றும் வாங்கி வைத்து, வேண்டுவார்க்கு நூல் வழங்குவதுபோல் வழங்குதல் வேண்டும். கிளாம்ப் மீட்டர் கம்பியை அறுக்காமலே ஓட்டத்தை அளக்கும். ஒரு கம்பியை மட்டும் அதன் வாயில் அகப்படுத்துக. போகும் கம்பியையும் மீளும் கம்பியையும் சேர்த்துப் பிடித்தால் ஒன்றை ஒன்று அழித்துச் சுன்னமே காட்டும். தடையை அளக்கும்போது மின்சாரத்தை முற்றும் நிறுத்தியபின்னரே அளக்க வேண்டும்.

இரண்டாவது: மேல்வகுப்பிற் பயிலும் நம் பிள்ளைகள், ஆண் பெண் இருபாலாரும், கோடை விடுமுறையில் நம் உறுப்பினர் தோட்டங்களுக்குப் பெரியோர் ஒருவரோடு சென்று, மோட்டாரின் அழுத்தம், ஓட்டம், கம்பியின் நீளம், பருமன் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வருதல் வேண்டும். கம்பியைத் தொட்டு அளக்கும் வேலை தேர்ந்த மின்பணியாளர்க்கே உரியது. எழுதுதலும் கணித்தலும் பிள்ளைகட்கு உரியன. படித்த கணக்கு பயிருக்கு உதவுவதனைக் கண்ட பிள்ளை கணக்கை வெறுக்காது.

மூன்றாவது: சங்கத்து உதவி நிதியினின்று மோட்டாருக்குக் கடன் கேட்போர், கம்பியின் கணக்கையும் எர்த் குழியின் நிலையையும் எழுதிக் கொடுத்த பின்னரே கடன் பெறுதல் என்னும் ஒழுங்கை மேற்கொள்ள வேண்டும். இது கடன் மறுப்பதற்கன்று, வீண்கடன் தவிர்ப்பதற்கு.

நம் முன்னோர் வாய்க்கால் நீரை முறைவைத்து, இன்னார்க்கு இத்தனை நாழிகை என்று அளந்து பாய்ச்சினர். அளந்து பாய்ச்சியதனாலேயே கடைமடைக்கும் நீர் சென்றது. கண்ணுக்குத் தோன்றும் நீரையே அளந்தவர் வழியில் வந்த நாம், கண்ணுக்குத் தோன்றாத மின்சாரத்தை அளவாது விடுதல் முறையன்று. வகுத்தால் தடை, பெருக்கினால் திறன். இவ்விரண்டு சொற்களும் இன்றிரவே உங்கள் இல்லத்துப் பிள்ளைகளின் வாய்க்குச் செல்லுமாயின், யான் இங்குப் பேசியது பயனுடைத்து என மகிழ்வேன்.